பேச்சியிடம் கொடுக்கவும்

ராதாபுரம்,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் தம்பி உசாமா உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் எழுதுவது. உம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? மச்சான் சவூதி தம்மாமிலிருந்து போனில் பேசினாரா? உன் கண் எரிச்சலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை வழக்கம்போல் இந்த வாரத்துப் பீடியைச் சுற்றி முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறாயா?

என்னை இந்தப் போதை மறுவாழ்வு இல்லத்தில் விட்டுவிட்டு நீ போய் இரண்டு வாரம் ஆகிறது. முதல் எட்டு நாளைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக வலித்தது. உன்னையும் திட்டினேன், சத்தமாகவே. இப்போது கஞ்சி உள்ளே இறங்குகிறது. சுற்றிலும் பனையும் காற்றாலையும்தான். எனக்குச் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கும் வேலை.

ஆறு மாதமும் போன் கிடையாது, கடிதம்தான். அதையும் ஆலோசகர் பிரம்மநாயகி அம்மா படித்த பிறகுதான் அனுப்புவார்கள். அதனால் அவர்களுக்கும் இங்கேயே ஒரு வணக்கம் வைத்துவிடுகிறேன்.

இதற்குள் ஒரு சீட்டு இருக்கிறது. பக்கத்துக் குறிச்சிக்குப் போய் என் கூட்டாளி பேச்சிராஜ் கையில் கொடுத்துவிடு. அவன் போனை விற்று மாத்திரை தின்றுவிட்டான், வேறு வழியில்லை. நீ படித்தாலும் பரவாயில்லை.

எனக்காகத் துஆச் செய்.
உசாமா

(சீட்டு: பேச்சியிடம் கொடுக்கவும்)

லே பேச்சி, நல்லா இருக்கியா? ஒண்ணு சொல்லணும். சிமெண்டு மூட்டை தூக்கி முதுகு வலிக்குன்னு நீ சொன்னேல்லா, அன்னைக்கு வலி மாத்திரைன்னு நான் ஒண்ணு குடுத்தேன். அது என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியும்லே. தெரிஞ்சுதான் குடுத்தேன். எங்கிட்ட வாங்க ஒரு ஆள் வேணும்னு குடுத்தேன். மன்னிச்சிருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீயும் இங்கன வந்துரு.


மேலப்பாளையம்,
15 செப்டம்பர் 2024

என் தம்பி உசாமாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே உம்மாவும் நானும் அல்லாஹ்வின் கிருபையில் நடமாட்டமாக இருக்கிறோம். உம்மாவின் முட்டு தொழுகையில் மடங்க மறுக்கிறது, அதனால் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார்கள். மச்சான் வெள்ளிக்கிழமை தோறும் பேசுகிறார். என் கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறேன், போதுமா?

நீ திட்டியதெல்லாம் எனக்குக் கேட்டது என்றே வைத்துக்கொள். அதற்குத் தண்டனை, வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வருஷம் வெங்காயம் உரிக்க வேண்டும். நீ கஞ்சி குடித்தாய் என்ற வரியை உம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். மூன்று தடவையும் அழுதார்கள்.

என் வேலை எப்போதும் போல. கடையில் பீடி இலையும் தூளும் வாங்கி வருகிறேன், சுளவு முறத்தை மடியில் வைத்துச் சுற்றுகிறேன், கட்டுக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இலைச் சாக்கை உதறியபோது உன் மாத்திரை அட்டை விழுந்ததே, அந்த நாளிலிருந்து அதை உதறாமல் நான் உள்ளே கை விடுவதில்லை. இப்போது இலை மட்டும்தான் விழுகிறது.

தெருவில் எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள். தங்கமான பையன், சேர்க்கை சரியில்லாமல் போய்விட்டது என்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். பழைய ஆட்களை எல்லாம் மனதிலிருந்து எடுத்துப் போடு. உடம்பைப் பார்.

உன்னை நினைத்தபடி,
லாத்தா தஸ்லிமா


ராதாபுரம்,
4 அக்டோபர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம், இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். உம்மாவுக்கு அந்தச் சிவப்புத் தைலம் தேய்த்து விடு, வெந்நீர் ஒத்தடமும் கொடு.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பேச்சி என்ற பெயர் அதில் எங்கேயும் இல்லை. சீட்டைக் கொடுத்தாயா?

சேர்க்கை சரியில்லை என்று ஊர் சொல்கிறது என்றாய். இங்கே சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்ல வேண்டும். போன வாரம் என் முறை. பத்து மாத்திரை உள்ள அட்டையை வாங்குவேன், ஆறை விற்பேன், நாலு எனக்கு. பிறகு நாலு போதவில்லை. அதனால் ஆட்களைச் சேர்த்தேன். நான் விற்றது பைக் வாங்கவோ செயின் போடவோ இல்லை, அந்த நாலுக்காகத்தான். ஆள் சேர்க்கும்போது முன்பின் தெரியாதவனிடம் போகப் பயமாக இருக்கும். நம்மை நம்புகிறவனிடம்தான் முதலில் போவோம். என்னை ரொம்ப நம்பியவன் பேச்சி.

இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கேவலமாகப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரு பேச்சி இருக்கிறான் போல.

பேச்சிக்கு இன்னொரு சீட்டு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காவிட்டால் பிரம்மநாயகி அம்மாவுக்கு எழுதச் சொல்லி. இதையாவது கொடுத்துவிடு லாத்தா.

உம்மாவின் துஆவை வேண்டி,
உசாமா


மேலப்பாளையம்,
12 நவம்பர் 2024

அன்புத் தம்பி உசாமாவுக்கு,

ஸலாமும் துஆவும். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உம்மாவுக்குக் காய்ச்சல், எனக்கு இருமல், ஊருக்கு மழை. சுற்றிய பீடி காயவில்லை என்று கடையில் ஒரு தடவை திருப்பிவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் படியை மூடிப் போகிறது. இப்போது எல்லாரும் தேறிவிட்டோம். உனக்கு அங்கே சளி பிடிக்கவில்லையே?

உம்மா உனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். ராதாபுரத்து வெயிலுக்கு ஸ்வெட்டரா என்று கேட்டேன். 'அங்கன காத்து அடிக்குன்னு அவனே எழுதியிருக்கான்லா' என்கிறார்கள். அனுப்புகிறேன், ஒரு நாளாவது போட்டுக்கொள்.

நீ கேட்ட ஆளை நான் பார்க்கவில்லை. ஊரில் இல்லை போல.

நேரத்துக்குச் சாப்பிடு.
லாத்தா


மேலப்பாளையம்,
13 நவம்பர் 2024

மரியாதைக்குரிய பிரம்மநாயகி அம்மாவுக்கு,

உசாமாவின் அக்காள் தஸ்லிமா வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். இது தங்களுக்கு மட்டும். தம்பிக்குக் காட்ட வேண்டாம்.

நேற்று அவனுக்குப் பொய் எழுதினேன். பேச்சிராஜ் ஊரில்தான் இருக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் தெருவுக்கு வருகிறான். ஆண்கள் எல்லாம் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போன நேரம் பார்த்து வருவான், இருந்தால் அடிப்பார்கள். குழாயடியில் நின்று, 'அக்கா, உசாமா எனக்கு ஏதும் எழுதியிருக்கானா?' என்று கேட்பான். இல்லை என்பேன். போய்விடுவான். சீட்டு இரண்டும் என் சாக்குக்குள், இலைக்கு அடியில் இருக்கின்றன.

தம்பியை அங்கே விட்டுவந்த மறுநாள், பேச்சிராஜ் லோடு ஆட்டோ ஓட்டும் சிமெண்டுக் கடைக்குப் போனேன். 'உங்க டிரைவர்தான் மாத்திரை வித்து என் தம்பியக் கெடுத்தான்' என்று கடை முதலாளி அம்பலவாணன் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஊரே அப்படிச் சொன்னது, நானும் நம்பினேன். அண்ணாச்சி அன்றைக்கே சாவியை வாங்கிவிட்டார். அதுவரை அவன் மாத்திரை வாங்கித் தின்கிறவன் மட்டும்தான். வேலை போன பிறகு தின்பதற்கு வழியில்லாமல் விற்கவும் தொடங்கிவிட்டான்.

பிறகுதான் முதல் சீட்டு வந்தது. அது என் தம்பி கைப்பட எழுதிய வாக்குமூலம் அல்லவா? அவன் அதைப் பத்துப் பேரிடம் காட்டினால் என் தம்பி கதி என்ன? நான் செய்ததும் வெளியே வரும். தம்பிக்குத் தெரிந்தால் சுவர் ஏறிக் குதித்து வந்துவிடுவான். எனக்கு அவன் ஆறு மாதத்தை முடித்து வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் வேண்டும் எனக்கு.

தங்கள் உதவியை மறவாத,
தஸ்லிமா


ராதாபுரம்,
20 நவம்பர் 2024

அன்புள்ள தஸ்லிமாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம், உங்கள் தம்பியும் நலம். ஸ்வெட்டர் வந்தது. போட்டுக்கொண்டு வேர்வையோடு சுற்றுகிறான்.

உங்கள் கடிதத்தை அவனுக்குக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இங்கே வருகிற எல்லாத் தாய்மாரும் அக்காமாரும் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் காரணம் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்து வீட்டுப் பையனின் அம்மா வரும்போது உங்கள் பையனைச் சொல்கிறாள்.

பிப்ரவரி 20 அன்று உசாமா வெளியே வருவான். பேச்சிராஜைப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போக எத்தனை வழி இருக்கிறது என்று மட்டும் யோசியுங்கள்.

நலம் விரும்பும்,
பிரம்மநாயகி


ராதாபுரம்,
16 டிசம்பர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே? உம்மாவின் முட்டுக்கு இந்தக் குளிர் ஆகாது. நான் தேவலை.

போன வாரம் ஏரலிலிருந்து ஒரு ஆள் புதிதாகச் சேர்ந்தார். மேலப்பாளையத்தில்தான் மாத்திரை வாங்குவாராம். யாரிடம் என்று கேட்டேன். 'லோடு ஆட்டோ ஓட்டிக்கிட்டு இருந்த பையன், இடது புருவத்துல தழும்பு' என்றார். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் நான் எறிந்த கல்.

ஊரில் இல்லை என்று எழுதியிருந்தாய். சரி, உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நின்று விற்ற இடத்தில் இப்போது அவன் நிற்கிறான். இந்த நிலையில் ஊருக்கு வந்தால் ஒன்று அவனிடம் வாங்குவேன், இல்லை அவனைப் பார்க்காதது போலக் கடந்து போவேன். இரண்டும் என்னால் ஆகாது. அதனால் பிப்ரவரியில் வீட்டுக்கு வரவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை இருக்கிறதாம், நேரே அங்கே போய்விடுகிறேன். உம்மாவிடம் அவசரப்படாமல் பைய எடுத்துச் சொல்.

பேச்சிக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். இதுதான் கடைசி.

உன் தம்பி,
உசாமா


மேலப்பாளையம்,
11 ஜனவரி 2025

என் ராசா உசாமாவுக்கு,

ஸலாம். உம்மா சுகம். நான் சுகம் என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

இதைப் படித்து முடிக்கும்வரை எழுந்து போகாதே. உன் சீட்டுகளில் ஒன்றைக்கூட நான் பேச்சிராஜிடம் கொடுக்கவில்லை. அவன் வாராவாரம் வந்து கேட்டான், நான் இல்லை என்றேன். அதற்கு முன்பே, ஆகஸ்டில், அவன்தான் உன்னைக் கெடுத்தான் என்று அம்பலவாணன் அண்ணாச்சியிடம் சொல்லி அவன் வேலையைப் போக்கினேன். உண்மையை உன் சீட்டில் படித்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. எல்லாம் நான்தான் செய்தேன்.

வீட்டுக்கு வரமாட்டேன் என்று நீ எழுதியதும் எனக்கு உலகமே வெறுத்துப்போயிற்று. இந்த வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். முந்தின நாள் எனக்குக் காய்ச்சல், படுத்திருந்தேன். உம்மா எனக்கு உதவி செய்வதாக நினைத்து இலையை அடியோடு அள்ளி ஊறப் போட்டிருக்கிறார்கள். இலையோடு உன் மூன்று சீட்டும் வாளிக்குள் போய்விட்டன. நீ ஜெல் பேனாவில் எழுதுகிறவன். காலையில் பார்த்தேன், வாளித் தண்ணீர் நீலமாக இருந்தது, காகிதம் கூழாக இருந்தது.

நேற்று அவன் வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். குழாயடியில் நின்று வழக்கம்போல் கேட்டான். இருக்கிறது என்றேன். கையை நீட்டினான். என் கையில் ஒன்றுமில்லை. படித்துப் படித்து எனக்கு மனப்பாடமாகியிருந்தது. அதனால் நின்ற இடத்திலேயே வாயால் சொன்னேன். 'லே பேச்சி, நல்லா இருக்கியா' என்று ஆரம்பித்து மூன்று சீட்டையும் ஒரு வரி விடாமல் சொன்னேன். நான் அவனை லே என்றதும் முதலில் சிரித்துவிட்டான். 'அது என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியும்லே' என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. உன் வார்த்தை முடிந்த பிறகு என் வார்த்தையையும் சொன்னேன். வேலையைப் போக்கியது நான் என்று சொன்னேன்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'எனக்குத் தெரியும்லாக்கா. அன்னைக்கே அண்ணாச்சி என்னையக் கூப்பிட்டு, நீ யார்கிட்டலே வாங்குதேன்னு கேட்டாரு. நான் உசாமா பேரச் சொல்லல' என்றான்.

வீட்டுக்குள் போய் அழுதேன். திரும்பி வந்தபோதும் அவன் அங்கேயே நின்றான். 'அங்கன சோறு நல்லாருக்குமாக்கா?' என்று கேட்டான்.

பிரம்மநாயகி அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன். உன் கோபம் நியாயம்தான். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபித்துக்கொள். ஆனால் வீட்டில் இருந்து கோபித்துக்கொள்.

லாத்தா


ராதாபுரம்,
20 ஜனவரி 2025

அன்புள்ள தஸ்லிமாவுக்கு,

வணக்கம். உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். உசாமா உங்கள் கடிதத்தைப் படித்தான். மூன்று நாள் வெங்காயம் உரிக்க வரவில்லை. ஓடவும் இல்லை.

பேச்சிராஜுக்கு இடம் தருகிறோம். ஆனால் ஒரே கூட்டத்தில் பழகிய இரண்டு பேரை ஒன்றாக வைப்பதில்லை என்பது இங்கே விதி. உசாமா பிப்ரவரி 20 காலையில் வெளியேறிய பிறகுதான் அவனைச் சேர்க்க முடியும். அதுவரை அரசு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக் கொடுங்கள், தாங்கிக்கொள்வான். அவர்கள் உட்கார்ந்து பேசவும் அனுமதி இல்லை. சேர்க்கைப் படிவம் எழுதி முடிக்கும் நேரம் மட்டும் இருவரும் வாசலில் சேர்ந்து இருக்கலாம்.

படிவத்தில் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். ஆறு மாதமும் அவனுக்குப் பொறுப்பு ஏற்கிறவர் போட வேண்டும். பேச்சிராஜின் தாயாரை அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
பிரம்மநாயகி


ராதாபுரம்,
7 பிப்ரவரி 2025

லாத்தாவுக்கு,

ஸலாம். உனக்குக் காய்ச்சல் விட்டதா? உம்மா எப்படி?

எழுத இத்தனை நாள் ஆயிற்று. கோபம்தான். இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் உன்னை ரொம்பக் கேவலமாக எழுதியிருந்தேன். கிழித்த பிறகு யோசித்தேன். நீ அண்ணாச்சியிடம் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. நான் பேச்சியிடம் பொய் சொன்னது நாலு மாத்திரைக்கு. உன்னைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதை இருக்கிறது?

என் பெயரைச் சொல்லவில்லை என்று அவன் சொன்ன இடத்தை மட்டும் தினம் ஒரு தடவை படிக்கிறேன். அதற்கு மேல் படிக்க முடிவதில்லை.

திருப்பூருக்குப் போகவில்லை. வீட்டுக்கு வருகிறேன். அண்ணாச்சியைப் பார்த்து நானே உண்மையைச் சொல்கிறேன். பேச்சியின் அம்மா கையெழுத்துப் போடுவார்களா? அவன்மேல் வருத்தமாகத்தான் இருப்பார்கள்.

உன் தம்பிதான் எப்போதும்,
உசாமா


மேலப்பாளையம்,
15 பிப்ரவரி 2025

என் தம்பிக்கு,

ஸலாம். உம்மா இன்றைக்கே உன் கட்டில் விரிப்பைத் துவைத்துப் போட்டுவிட்டார்கள். முட்டுவலி என்று ஒரு முனகல் இல்லை. எனக்கும் காய்ச்சல் போய்விட்டது.

அண்ணாச்சியிடம் நீ போக வேண்டாம், நான் போய்விட்டு வந்துவிட்டேன். பொய்யைச் சொன்ன வாய்தான் உண்மையையும் சொல்ல வேண்டும். கடையில் நாலு ஆள் நின்றார்கள், அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னேன். அண்ணாச்சி கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, 'சாவி தருவேன்னு இப்ப சொல்ல மாட்டேன்மா. ஆறு மாசம் முடிச்சிட்டு வந்து என்னையப் பாக்கச் சொல்லு' என்றார். இனி தெருவில் உன்னைத் தங்கமான பையன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வந்து பழகிக்கொள்.

பேச்சிராஜை வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப் போகிறேன். நடுவில் இரண்டு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் தானே வந்து நின்றான், தலையைக் குனிந்துகொண்டு. மருந்தையும் உம்மா வைத்த கஞ்சியையும் கொடுத்தேன்.

அவன் அம்மா சந்தனமாரி வயல் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்து கேட்டேன். 'அவன் எனக்கு மவனே இல்ல, நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்' என்றார்கள். அந்த வீட்டில் அவன் விற்காத பாத்திரம் இல்லை. அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அதனால் பாதுகாவலர் இடத்தில் நான் போடுகிறேன். உறவு என்ற இடத்தில் என்ன எழுத என்று அவனிடம் கேட்டேன். குழாயைத் திறந்து முகம் கழுவினான். அக்காள் என்று எழுதப் போகிறேன். பிரம்மநாயகி அம்மா ஆதாரம் கேட்டால் கேட்கட்டும்.

வியாழக்கிழமை முதல் பேருந்தில் அவனோடு வருகிறேன். நீ வெளியே வருவாய், அவன் உள்ளே போவான். படிவம் எழுதும் நேரம்தான் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கலாமாம். அதற்குள் சொல்ல வேண்டியதை எல்லாம் நீயே உன் வாயால் சொல்லிவிடு. நாலு பக்கப் படிவமாம், நான்தான் எழுத வேண்டும். நான் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிற வேகக் கைக்காரிதான். ஆனாலும் அன்றைக்குப் பையத்தான் எழுதுவேன்.

உங்கள் இருவருக்கும் துஆவுடன்,
லாத்தா தஸ்லிமா